இடக் கன்னத்துத் தழும்பு

என் மூத்த மகனின் இடக் கன்னத்தில், வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு தழும்பு இருக்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் அவன் முகத்தைக் கழுவிவிடும்போதுகூட அதை நேராகப் பார்ப்பதில்லை. அது எப்படி வந்தது என்று எழுதி வைத்தால் எனக்காவது தெளியுமா என்று பார்க்கிறேன். தெளியாது என்றுதான் தோன்றுகிறது.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளில்லை. என் அப்பா நோர்வூட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார். என்னை ஹட்டனில் தங்க வைத்து எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அவரிடம் அட்டை கிழிந்த தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. அதில் ஒரு படம். குதிரை மேல் ஓர் ஆள். கன்னம் இரண்டிலும் கோடு கோடாக வெட்டு. வீடு வாசல் இல்லாமல் குதிரையும் மந்தையுமாகப் புல்வெளிகளில் அலைந்த போர்வீரர் கூட்டம் அது என்று அப்பா படித்துச் சொன்னார். ஆண்பிள்ளை பிறந்தால் கத்தியால் கன்னத்தைக் கீறுவார்களாம். கோடு அதிகமுள்ளவன் தலைவனின் நெருப்புக்கு அருகில் உட்காரலாம். கோடில்லாதவன் குதிரைகளோடு வெளியே குளிரில் கிடக்க வேண்டும். தலைவன் செத்தால் அழக்கூடாது. முகத்தைக் கீறிக்கொண்டு ரத்தம் விட வேண்டும்.

"அந்தப் புள்ளைங்களோட அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். "அம்மாவப் பத்தி இதுல ஒண்ணும் போடலம்மா" என்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா பாயில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். காப்பித் தண்ணி கொடுக்கக் குனிந்தவள் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு குழிகள், மிளகு போட்டால் தங்கும் அளவுக்கு. எனக்குப் படத்தில் இருந்த குதிரைக்காரன் நினைவுதான் வந்தது. மாப்பிள்ளை முகத்தைச் சரியாகப் பார்த்தேனா என்பதே சந்தேகம்.

கல்யாணமாகி வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. மாரியம்மன் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்துவது எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். எங்கள் தோட்டத்தில் நான்கு குடும்பங்களுக்கு மட்டும் அது உரிமை. தலைச்சன் பிள்ளைக்கு ஐந்து வயதில் வலக் கன்னத்தில் சிறு வெள்ளி ஊசி. அடுத்த வருடம் இடக் கன்னத்தில். அதன் பிறகு வருடா வருடம் அதே இடத்தில் குத்திக் குத்தி அது குழியாக நின்றுவிடும். இரண்டு கன்னத்திலும் குழி உள்ளவர்கள் தேருக்கு முன்னால் முதல் வரிசையில் நடப்பார்கள். அவர்கள் நெற்றிக்குத்தான் முதல் விபூதி. லயத்தில் சண்டை வந்தாலும் கல்யாணப் பேச்சு வந்தாலும் அவர்கள் வாயைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். என் மாமனார் கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடியின் தலை வெட்டும் ஆட்களுக்கு மேலாள். ஆனால் லயத்தில் அவருக்கு இருந்த மரியாதை அந்த வேலையால் வந்ததல்ல.

என் வீட்டுக்காரருக்கு வலக் கன்னத்தில் மட்டும்தான் குழி. ஆறு வயதில் இடக் கன்னத்துக்கு ஊசியைக் கொண்டு வந்தபோது பயந்துபோய்ப் பூசாரியின் விரலைக் கடித்துவிட்டு ஓடிவிட்டார். ஒரு தடவை முகத்தைத் திருப்பியவனுக்கு அம்மன் மறுபடி உத்தரவு கொடுப்பதில்லை என்பது இங்கே வழக்கம். பூசாரியின் ஆள்காட்டி விரலில் அந்தப் பல் தடம் இன்றும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின் பார்க்கிறவர், நல்ல வேலைக்காரர். ஆனாலும் அவருக்கு லயத்தில் 'ஒத்தக் கன்னம்' என்றுதான் பெயர். நான் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போனாலும் விடமாட்டார்கள்.

"ஒத்தக் கன்னம் பொண்டாட்டி வாரா, எடம் விடுங்கடி. இவ மகன் இந்த வருசம் யாரு வெரலக் கடிக்கப் போறானோ!"

சிரிப்பு. நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கியதும் மகனின் கன்னத்தைத் தடவிப் பார்ப்பேன்.

ஏனென்றால் என் மகனுக்குத் திருவிழா வரும் அந்தப் பங்குனியில் ஐந்து வயது நிறைகிறது. பிறந்த நாளிலிருந்தே நான் அந்த வருடத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏங்க, ஊசிய வெந்நித் தண்ணியில போட்டு எடுத்தாவது குத்தச் சொல்லுங்களேன். சீழ் வச்சிரும்னு பள்ளிக்கூடப் புத்தகத்துல போட்டிருக்கு."

"அம்மன் ஊசிய அவிச்சுக் குடுக்கச் சொல்றியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகன் தலையைத் தடவிக்கொண்டே, "இவன் ஒழுங்கா நின்னுட்டான்னா போதும் புள்ள. எம் பேரு அதோட போயிரும்" என்றார். பிள்ளைக்கு வலிக்குமே என்று நினைப்பது சரியா, இல்லை, இவருக்கு இருபது வருடமாக வலிக்கிறதே என்று நினைப்பது சரியா?

கோவிலில் காப்புக் கட்டி இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டு இல்லை. மாமாவும் வீட்டுக்காரரும் பந்தல் போடக் கோவிலுக்குப் போய்விட்டார்கள். பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் அக்கா, ஊரில் இருக்கும் தன் தம்பிக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்து உட்கார்ந்தது. லயத்துக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன். நான்கு வரி எழுதுவதற்குள் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. சீவுகிற பிளேடைத் தேடினேன், இல்லை. வாசல் பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையின் கூரைக் கட்டையில் மாமாவின் கவ்வாத்துக் கத்தி செருகியிருந்தது. முதல் நாள்தான் கல்லில் தீட்டி வைத்திருந்தார். அதை வேறு யாரும் தொடக் கூடாது. பென்சில்தானே, ஒரு நிமிடம்தானே என்று எடுத்துச் சீவினேன். சீவிவிட்டு பெஞ்சு மேல் வைத்தேன்.

"பழைய உறையில விலாசம் இருக்கு தங்கச்சி, எடுத்தாரேன்" என்று அக்கா தன் காம்பராவுக்குள் போனது.

நான் எழுதியதைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் பிழை இருக்குமோ என்று பார்த்தேன். மகன் பென்சிலுக்காகப் பெஞ்சில் ஏறியிருக்கிறான். பெஞ்சு ஒரு பக்கம் காலில்லாமல் கல் வைத்து நிறுத்தியது. சாய்ந்தது. அவனும் கத்தியும் சேர்ந்து விழுந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்தவற்றின் வரிசைதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவன் அலறினான். கன்னத்திலிருந்து ரத்தம் கழுத்துக்கு ஓடியது. கத்தியை என் முந்தானையால் துடைத்தேன். அதைக் கூரைக் கட்டையில் செருகினேன். அவனைத் தூக்கி மடியில் போட்டுக் காப்பித்தூளை அப்பினேன். இவ்வளவும் செய்தேன். எதை முதலில் செய்தேன்? பிள்ளையைத் தூக்கிய பிறகுதான் கத்தியை வைத்தேன் என்று சில நாள் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அத்தனை உயரத்துக்குக் கை எட்டாது.

அக்கா ஓடி வந்தது. "ஐயோ, என்னாச்சு?"

"வாசப்படிக் கல்லுல விழுந்துட்டான்" என்றேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர் ஐயா காயத்தைக் கழுவிப் பார்த்தார். "கல்லுல பட்டது மாதிரி இல்லியே, கோடு கிழிச்ச மாதிரி இருக்கு" என்றார். நான் மகன் கழுத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தையல் போட்டுக் கட்டுக் கட்டினார். தழும்பு நிற்கும் என்றார்.

மாலையில் மாமா வந்தார். பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கட்டின் ஓரத்தைத் தூக்கி, தன் கன்னத்துக் குழியில் ஒரு விரலை வைத்து, அதே தூரத்தைப் பேரன் முகத்திலும் அளந்தார். நான் அடுப்புப் பக்கம் நின்றேன். 'படிச்சவளுக்குப் புள்ளையப் பாத்துக்கத் தெரியல' என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"நீ குடுக்காம வச்சிருந்த எடக் கன்னத்த, ஆத்தா இவங்கிட்ட கேட்டு எடுத்துக்கிட்டாடா" என்றார்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் பெரட்டு முடிவதற்குள் செய்தி மூன்று லயத்துக்கும் போய்விட்டது. காப்புக் கட்டிய பிறகு, தலைச்சன் பிள்ளைக்கு, விட்டுப்போன அதே கன்னத்தில். பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி வெற்றிலையில் பழம் வைத்துக் கொடுத்தாள். பீலிக்கரையில் எனக்கு முதல் குடம் விட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று மாமாவின் வாயிலிருந்து வந்தது: "ஆத்தா கை வச்ச முகத்துல மனுசன் ஊசி படக் கூடாது. இவனுக்கு இனி அலகு கெடையாது. தழும்பே போதும்."

ஐந்து வருடமாக நான் பயந்தது போய்விட்டது. வீட்டுக்காரரின் பெயரும் போய்விட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திறந்தால் அத்தனையும் திரும்பி வரும்: தையல் போட்ட முகத்தில் ஊசி, இவருக்கு அதே பட்டப்பெயர். ஆனால் அம்மன் பெயரில் பொய் சொல்லி மீட்ட பிள்ளையை அம்மன் சும்மா விடுவாளா? அம்மை என்று அவள் வந்து உட்கார்ந்தால் எந்த டிஸ்பென்சர் தடுப்பார்? இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதையும் நினைத்துப் பார்த்தேன். நினைத்துக்கொண்டே பிள்ளை நெற்றியைத் தொட்டுச் சூடு பார்த்தேன்.

உண்மையை மறைக்காமல் சொன்னவன் மகன் ஒருவன்தான். வந்து நின்ற பெண்களிடம், "கத்தி குத்துச்சு" என்றான். நான் அவன் வாயைப் பொத்தப் போனேன்.

"கேட்டீங்களாடி? ஆத்தா கையில இருக்குற கத்தியப் புள்ள கண்ணால பாத்திருக்கு!" என்று அக்கா கும்பிட்டது.

பூசாரி மட்டும் அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை. புதன்கிழமை வந்தார். பிள்ளையைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுத் தன் விரலைத் தடவிக்கொண்டார்.

"தானா வந்த தழும்புன்னா பழைய மொறை ஒண்ணு இருக்கு. திருவிழா அன்னைக்குப் பெத்தவ கற்பூரத்த அணைச்சு, 'மனுசக் கை படல'ன்னு சொல்லணும். சொன்னா முன்வரிசை. சொல்லலைன்னா ஊசி" என்றார்.

திருவிழாவுக்கு இருந்த அந்த நான்கு நாள் நான் என்ன சமைத்தேன் என்று தெரியாது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போனேன். ஒரு தடவை அவர் முன்வரிசைக்குக் கட்ட மஞ்சள் வேட்டி நனைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை தூங்கிவிட்டார். மூன்றாவது தடவை, திருவிழா அன்று காலையில், மார்பில் சந்தனம் பூசிக்கொண்டு நின்றார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. நீ ஒண்ண கவனிச்சியா? ஒரு வாரமா ஒருத்தனும் அந்தப் பேரு சொல்லிக் கூப்புடல."

"சந்தனம் கழுத்துல பூசல. அதான் சொல்ல வந்தேன்" என்றேன்.

உச்சி வெயில். கோவில் முன்னால் மூன்று லயத்துச் சனமும் நின்றது. தப்பு மேளம் அடிப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் நீட்டினார். மகன் அவன் அப்பாவின் தோளில் இருந்தான். கட்டுப் பிரித்த கன்னம் சிவப்பாக மின்னியது.

"சொல்லு தாயி. மனுசக் கை படலைன்னு சொல்லிட்டு அணை."

கையைத் தூக்கினேன். அது என் கை. பென்சிலைச் சீவியதும் கத்தியைத் துடைத்ததும் அதே கைதான். உள்ளங்கையில் சூடு பட்டது. வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன்? சனம் முணுமுணுக்கத் தொடங்கியது காதில் விழுந்தது. வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஈர வேட்டியோடு அலகுக்குக் காத்திருந்த மாமா முன்னால் வந்தார். என் கையை விலக்கினார்.

"அது சின்னப் புள்ள, பயப்படுது. வீட்டுக்குப் பெரியவன் நான் இருக்கேன்ல? நான் சொல்றேன். மனுசக் கை படல" என்று சொல்லிக் கற்பூரத்தை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார்.

பூசாரி தட்டைக் கீழே வைத்துத் தப்பை மறுபடி அடிக்கச் சொன்னார். அடுத்தபடியாக மாமாவுக்குத்தான் அலகு. நாற்பது வருடத்துக்கு மேல் குத்திய இடம். சுத்தமாக இருக்கிறவனுக்கு அலகு குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் வராது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு. அவருக்கு வந்ததே இல்லை என்பார்கள். அன்று வலக் கன்னத்தில் நுழைந்தபோதே வந்தது. தாடை வழியாக மார்புச் சந்தனத்தில் இறங்கியது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தப்புக்காரர்கள் ஒரு கணம் அடியை விட்டுவிட்டார்கள். மாமா நேராகப் பார்த்தபடி ஊர்வலம் முழுக்க நடந்தார். அவருக்குப் பக்கத்தில், முன்வரிசையில், என் வீட்டுக்காரர் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் மாமாவின் முதுகைப் பார்த்தபடியே போனேன். தலைவனுக்காக அழாமல் ரத்தம் விட்ட அந்தப் புத்தகத்து ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று தெரியவில்லை. இங்கே யாரும் சாகவில்லையே.

"வயசாயிருச்சுல்ல, தோலு கிழிஞ்சிருச்சு" என்று மறுநாள் மாமா எல்லோரிடமும் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் ஆட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நோர்வூட் பஜாருக்குப் போய் வந்தார். மகனுக்கு முறுக்குக் கொடுத்தார். பிறகு மடியிலிருந்து ஒரு சின்ன மடக்குக் கத்தியை எடுத்து என் பக்கம் பெஞ்சில் வைத்தார். பெஞ்சுக்குப் புதுக் கால் அடித்திருந்தார். அதைக்கூட நான் அப்போதுதான் கவனித்தேன்.

"கடுதாசி எழுதுற வீட்டுல பென்சிலுக்குன்னு ஒண்ணு தனியா வேணும் தாயி" என்றார். "கவ்வாத்துக் கத்தி செடி வெட்டுறது. கைப்பிடி இடுக்குல பென்சில் தூளு போனா லேசுல வராது."

சொல்லிவிட்டு வெளியே போனார். நான் சரிங்க மாமா என்றேனா, இல்லையா?

அடுத்த வருடம் அவராகவே அலகை விட்டுவிட்டார். இரண்டாவது வரிசையில் நின்றார். கல்யாணப் பேச்சுக்கு இப்போது வேறொருவரைத்தான் முதலில் உட்கார வைக்கிறார்கள். அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுக்கிறார்.

அவருக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் என்னைக் குடைகிறது. திங்கட்கிழமை காலையில் கத்தியை எடுத்தபோது தெரிந்திருந்தால், முதல் நாள் மாலை அவர் சொன்னது உண்மையான நம்பிக்கை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாமல் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருந்தால்? விரலை வைத்து அளந்தாரே, அது எதற்கு? என்னைக் காப்பாற்றவா, மகனையா, பேரனையா? ஒருவேளை, கத்தியும் பென்சிலும் என் கையும் எல்லாமே அம்மனுடைய ஏற்பாடு என்று அவர் நினைத்தாரோ? அப்படியானால் அவர் பொய்யே சொல்லவில்லை. அப்படியானால் ரத்தம் ஏன் வந்தது? வெறும் வயதுதானா? கேட்டுவிடலாம். ஒரே காம்பராவில்தான் இருக்கிறோம். இத்தனை வருடமாகச் சோறு போடும்போதெல்லாம் கேட்க நினைத்து, "குழம்பு ஊத்தவாங்க மாமா" என்று கேட்கிறேன்.

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தன் தழும்பை அவனுக்குப் பிடிக்கும். தாத்தாவின் மடியில் உட்கார்ந்து, அவர் வலக் கன்னத்தில் பெரிதாகிவிட்ட குழியையும் தன் கோட்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்கிறான். கத்தி குத்தியது என்று அவன் சொன்னது அவனுக்கே நினைவில்லை. அம்மன் போட்டது என்றுதான் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

பென்சில் முனை ஒடிந்தால் இரண்டு பேரும் என்னிடம்தான் கொண்டு வர வேண்டும். மடக்குக் கத்தியை அவர்கள் கையில் கொடுப்பதில்லை. போன வாரம் சீவிக்கொண்டிருந்தபோது சின்னவன் வாசலில் தடுக்கி விழுந்து வீரிட்டான். நான் கத்தியை மடக்கினேன். இடுப்பில் செருகினேன். அதன் பிறகுதான் அவனைத் தூக்க எழுந்தேன். கூரைக் கட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.